எண்ணிக்கை சரியாக இருந்தது

மனைவி வீட்டுப் பக்கத்தில் அவருக்கு யூ-டர்ன் மாப்பிள்ளை என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் காதில் விழாத அளவுக்குக் குரலைத் தாழ்த்தவும் மாட்டார்கள்.

பெயர் சும்மா வரவில்லை. வருடா வருடம் மாநில நாள் விடுமுறையில் குடும்பத்தோடு காரில் மலைப்பாதை ஏறி, ஏரியைச் சுற்றி, உச்சியில் இருக்கும் மீன் ஹோட்டலில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு இறங்குவதாக ஏற்பாடு. ஏற்பாடு அவ்வளவுதான்; நடந்தது வேறு. மூன்று வருடத்துக்கு முன் பாதி மலையில் குளியலறைக் குழாயை மூடினோமா என்று சந்தேகம் வந்து வண்டியைத் திருப்பினார். குழாய் மூடியிருந்தது. அடுத்த வருடம் வாசல் கதவு. அது பூட்டித்தான் இருந்தது. போன வருடம் அயர்ன் பாக்ஸ். அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தால், அது அலமாரிக்குள் போர்வைக்கு அடியில் குளிர்ந்துபோய்க் கிடந்தது. அன்று மதியம் வீட்டில் எல்லோரும் ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டார்கள். மனைவி ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கே தோன்றியது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருடச் சர்வீஸ். அந்த வேலையில் சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். வீட்டுக்கு வந்ததும் சந்தேகத்தைச் செருப்போடு வெளியே கழற்றிவிட வேண்டும் என்று மனைவி எதிர்பார்த்தார். அது அவரால் முடியவில்லை.

இந்த வருடம் பன்னிரண்டு வயது மகள் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தே வாங்கிவிட்டாள். ‘என்ன ஆனாலும் இன்று வண்டி திரும்பாது. சந்தேகம் வந்தால் வாயைத் திறக்க மாட்டேன்.’ சாட்சிக் கையெழுத்து போட்டவர் மச்சான். மனைவியின் அண்ணனான அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். பயணத்துக்கு வண்டியும் அவருடையதுதான். ஓட்டுபவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் வாத்தியாருக்கு இன்னொரு பிரேக் என்று இரண்டு பிரேக் வைத்த வண்டி. லிஃப்ட்காரர் ஓட்ட, மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் தன் பிரேக்கை ஒரு மிதி மிதித்தார்.

"பழக்க தோஷம் மாப்ளே. நீங்க நல்லாத்தான் ஓட்டறீங்க."

ஊர் வெறிச்சென்று கிடந்தது. விளக்குக் கம்பங்களில் சின்னக் கொடிகள். ரேடியோவில் யாரோ மாநிலம் உருவான கதையை மூன்றாவது வருடமாக அதே குரலில் படித்துக்கொண்டிருந்தார். ஆபீஸ்களுக்கெல்லாம் பூட்டு. லிஃப்ட் கம்பெனியிலும் ஊர் முழுவதுக்கும் சேர்த்து ஒரே ஒருவர்தான் அவசர டியூட்டியில் இருந்தார். காலையில் குழாய், கதவு, அயர்ன் பாக்ஸ் மூன்றையும் மகளே சோதித்து, போனில் படமும் எடுத்து வைத்திருந்தாள். நியாயமாகப் பார்த்தால் பயப்பட ஒன்றும் இல்லை.

முதல் மலைமுகட்டில் வண்டியை நிறுத்தினார்கள். கீழே ஏரி நீலமாக விரிந்து கிடந்தது. சிமெண்ட் மேஜையில் துணி விரித்து மனைவி ரொட்டி, வெண்ணெய், அவித்த முட்டை, ஃபிளாஸ்க் காப்பி எல்லாவற்றையும் பரப்பினார். காற்றுக்குத் துணி பறந்தது. மகள் ஓடிப்போய் வண்டியின் டிக்கியைத் திறந்து, அப்பாவின் டூல்ஸ் பையைக் குடைந்து, கிளிப் வைத்த ஒயர்களை எடுத்துவந்து மேஜைத் துணியின் நான்கு மூலையிலும் மாட்டிவிட்டாள்.

"பாத்தியா மாமா? பறக்காது."

மச்சான் பாராட்டினார். லிஃப்ட்காரர் முட்டையை உரித்துக்கொண்டிருந்தவர், அப்படியே கையை நிறுத்தினார். மூன்று ஒயர் முழுச் சிவப்பு. நான்காவதில் மட்டும் நடுவில் மஞ்சள் டேப் சுற்றியிருந்தது.

அந்த ஒயருக்கு ஜம்பர் என்று பெயர். லிஃப்டில் ஒவ்வொரு மாடிக் கதவுக்கும் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. கதவு மூடி அந்த சுவிட்ச் சேர்ந்தால்தான் லிஃப்ட் நகரும். எந்த மாடியில் கோளாறு என்று கண்டுபிடிக்க, மேலே மெஷின் ரூமில் அந்தந்த சுவிட்சைத் தாண்டி ஜம்பரை மாட்டிப் பார்ப்பார்கள். வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். மறந்துவிட்டாலும் லிஃப்ட் நன்றாகவே ஓடும். ஆனால் அந்த மாடியில் கதவு திறந்திருந்தாலும் ஓடும். ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயும் இருக்கும்போது மேலே யாராவது பட்டனை அமுக்கினால், அப்போதும் ஓடும். அதனால்தான் ஜம்பரை எண்ணித்தான் கொடுப்பார்கள். இவருக்கு நான்கு. எண்ணி மாட்டி, எண்ணிக் கழற்றி, மெஷின் ரூம் நோட்டில் எழுதிக் கையெழுத்து போட்ட பிறகுதான் கிளம்பலாம். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் எண்ணாமல் கிளம்பியதில்லை.

நேற்றும் எண்ணினார். ஒன்பது மாடிக் குடியிருப்பு. கையால் இழுத்துத் திறக்கும் கதவுகள், உள்பக்கம் கதவே இல்லாத பழைய லிஃப்ட். கோளாறு பிடிபடாமல் நான்கு ஜம்பரும் போதாமல், கூட்டாளியிடம் ஒன்று கடன் வாங்கினார். கூட்டாளி தன்னுடையதில் அடையாளத்துக்கு மஞ்சள் டேப் சுற்றி வைப்பவன். விடுமுறைக்கு ஊருக்குப் போக வேண்டும், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவன் சாமானை அள்ளிப் போட்டுக்கொண்டு பாதியில் ஓடிவிட்டான். இவர் கோளாறைச் சரிசெய்து, ஜம்பர்களைக் கழற்றி, பையில் போட்டு எண்ணினார். நான்கு. எண்ணிக்கை சரியாக இருந்தது. நோட்டில் எழுதினார், இரண்டு தரம் ஏறி இறங்கிப் பார்த்தார், வீட்டுக்கு வந்துவிட்டார்.

நான்கு அல்ல, ஐந்து இருந்திருக்க வேண்டும். பழகிப்போன விரல்கள் நான்கோடு நின்றுவிட்டன.

முட்டை கையில் பிசுபிசுத்தது. கூட்டாளி அள்ளிக்கொண்டு போனபோது இவருடைய ஒன்று அவன் பைக்குள் போயிருக்கலாம். போயிருக்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் அது இன்னும் மெஷின் ரூம் பேனலில் தொங்குகிறது. இது நிஜமா, இல்லை இன்னொரு அயர்ன் பாக்ஸா? அவருக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அதே சந்தேகம், அதே அவசரம். மூன்று வருடமாக இந்தச் சந்தேகம் மூன்று தடவை பொய் சொல்லியிருக்கிறது.

ஓரமாகப் போய்க் கூட்டாளியைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு தரம் கூப்பிட்டார். திரும்பிப் பார்த்தால் மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, யாருக்குப் போன்?"

"சும்மாம்மா. வேலை விஷயம்."

"கையெழுத்து போட்டிருக்க. ஞாபகம் இருக்கட்டும்."

அவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். குடியிருப்பின் வாட்ச்மேன் நம்பரும் அந்தப் போனில்தான் இருந்தது. முகட்டில் சிக்னல் நான்கு கோடு காட்டியது. ஒரு நிமிட வேலை. அவர் கூப்பிடவில்லை. இன்றைக்கும் அவரை அந்த இடம்தான் உறுத்துகிறது.

அதன்பின் பாதை அழகாகிக்கொண்டே போனது. ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் ஊசியிலை மரங்கள், ஒரு வளைவில் திடீரென்று அருவி. மனைவி கண்ணாடியை இறக்கி முகத்தில் சாரல் வாங்கிக்கொண்டார். பல வருடம் கழித்து அவர் வாயில் பாட்டு முணுமுணுப்பு வந்தது. லிஃப்ட்காரரின் கண்ணுக்கு முன்னால் இருந்தது அருவியல்ல, நான்காவது மாடி.

நான்காவது மாடியில் ஒரு பெண் இருந்தாள். கைக்குழந்தைக்காரி. முன்பு சர்வீஸுக்குப் போனபோது இவர் பார்த்திருக்கிறார்: குழந்தையின் தள்ளுவண்டியை லிஃப்டுக்குள் ஏற்றும்போது முதலில் தான் முதுகு காட்டி உள்ளே போய், பிறகு வண்டியைத் தன் பக்கம் இழுப்பாள். வாசல் இடுக்கில் சக்கரம் சிக்கும். ஒரு நொடி நிற்கும். பாதி வண்டி உள்ளே, குழந்தை இருக்கும் பாதி வெளியே. நேற்று வேலை நடக்கும்போது இவருக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான்.

"அண்ணே, நாளைக்காவது ஓடுமா? இவளை வெளியே கூட்டிட்டுப் போய் ஒரு வாரம் ஆச்சு."

"ஓடும்மா. தைரியமா போங்க," என்று சொன்னவர் இவர்.

தைரியமா போங்க. ஒவ்வொரு வளைவிலும் அந்த இரண்டு சொல்லும் அவரைக் குத்தின. போனை எடுத்துப் பார்த்தார். சிக்னல் ஒரு கோடு. குகைப்பாதை தாண்டியதும் அதுவும் இல்லை. மச்சான் பிரேக்கை மிதித்தார்.

"மாப்ளே, ரோட்டைப் பாருங்க. போனை நான் பாத்துக்கறேன்."

மீன் ஹோட்டல் பாறை விளிம்பில் நின்றது. கண்ணாடிச் சுவர், மரப் பெஞ்சு, அடுப்பில் சிவந்த கரி. மூன்று வருடமாக அந்த வாசலை மிதிக்கக் கொடுத்துவைக்காத மனைவி, ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து கைக்குட்டையை மடியில் விரித்துக்கொண்ட அழகே தனி. முதலில் காளான் சூப் வந்தது. அப்புறம் கரியில் சுட்ட முழு மீன், தோல் மொறுமொறுவென்று, மேலே எலுமிச்சை. கூடவே நெய் மினுங்கும் உருளைக்கிழங்கு, அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு ரொட்டி. மச்சான் இடுப்பு பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்தினார்.

லிஃப்ட்காரர் பரிமாறும் அம்மாளிடம் மெதுவாக, "இங்க போன் இருக்குங்களா?" என்றார்.

"மழையில ஒயர் அறுந்து ஒரு மாசம் ஆச்சுங்க. சிக்னல் வேணும்னா கீழே குகை தாண்டிப் போகணும்."

அவர் மீனைத் தொடவில்லை. மேஜையில் இருந்த முள்கரண்டிகளை வரிசையாக வைத்து எண்ணினார். நான்கு. மறுபடி எண்ணினார். நான்கு. மனைவி சூப் கரண்டியைக் கீழே வைத்தார்.

"என்னங்க. சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. நீ சாப்பிடு."

"முள்கரண்டியை எதுக்கு எண்ணறீங்க? சொல்லுங்கன்னா."

அவர் தாளை நினைத்து மகளைப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மஞ்சள் டேப், ஐந்து, நான்கு, கைக்குழந்தைக்காரி.

மச்சான் வாய்க்குப் போன மீனை வாயிலேயே வைத்துக்கொண்டு, "மாப்ளே, ஆரம்பிச்சுட்டீங்களா," என்றார். "அந்தப் பையன் பையில இருக்கும். சாப்பிட்டுட்டு நிதானமா போலாம்."

மனைவி அண்ணன் பக்கம் திரும்பவில்லை. கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது அயர்ன் பாக்ஸ் மாதிரியா, இல்ல வேற மாதிரியா?"

"தெரியல," என்றார் அவர். "சத்தியமா தெரியல. அதே மாதிரிதான் இருக்கு. ஆனா அயர்ன் பாக்ஸ்னா நம்ம வீடு எரியும். இது அவங்க குழந்தை."

மனைவி ஜன்னல் வழியே ஏரியை ஒரு தரம் பார்த்தார். மடியில் இருந்த கைக்குட்டையை எடுத்து நான்காக மடித்தார். பரிமாறும் அம்மாளைக் கூப்பிட்டு, "இதையெல்லாம் பார்சல் பண்ணிக் குடுங்க," என்றார். மகள் பாவாடைப் பையிலிருந்து தாளை எடுத்தாள். கிழிப்பாள் என்று நினைத்தார். அவள் மடித்து மறுபடி உள்ளேயே வைத்துக்கொண்டாள்.

"நீங்க ஓட்ட வேணாம். சாவியை இப்படிக் குடுங்க," என்றார் மச்சான்.

இறங்கும்போது மச்சான் ஓட்ட, லிஃப்ட்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். காலுக்குக் கீழே இரண்டாவது பிரேக். டிரைவிங் பள்ளியில் இருபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத அந்த வாத்தியார், அன்று வளைவுகளில் வண்டியை வளைத்த வளைப்பில் பின்சீட்டில் சூப் பாத்திரம் உருண்டது. ஏறும்போது பார்த்த அருவி அதே இடத்தில்தான் விழுந்துகொண்டிருந்திருக்கும். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மகள் மட்டும் அவ்வப்போது, "அப்பா, சிக்னல் வந்துச்சா?" என்று கேட்டாள்.

குகை தாண்டியதும் ஒரு கோடு வந்தது. வாட்ச்மேன் எடுத்தார். பின்னால் ரேடியோ அலறியது.

"லிஃப்ட்டா? சூப்பரா ஓடுது சார். காலையில இருந்து பிள்ளைங்க ஏறி இறங்கி விளையாடுதுங்க. நீங்க ரெஸ்ட் எடுங்க."

"அண்ணே, அதை உடனே நிறுத்தணும். மீட்டர் ரூம்ல லிஃப்ட்னு எழுதின பெரிய சுவிட்ச் இருக்கு. யாரும் உள்ள இல்லன்னு பாத்துட்டு, அதை இழுத்து விடுங்க."

"இன்னைக்கா? செக்ரட்டரி வீட்டுக்கு ஒன்பதாவது மாடியில விருந்தாளிங்க வந்திருக்காங்க. என்னைத் தொலைச்சுருவாரு. நாளைக்கு வந்து பாருங்களேன்."

ஏதாவது ஒரு காரணம் சொல்லலாம். கரண்ட் பிரச்சினை, கம்பெனி உத்தரவு. அவர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வாட்ச்மேன் பாதி நம்புவார், பாதி நம்பாமல் செக்ரட்டரியைக் கேட்கப் போவார். அதற்குள் நான்காவது மாடியில் தள்ளுவண்டி கிளம்பிவிடும்.

"நான் அதுல ஒரு ஒயரை விட்டுட்டு வந்துட்டேன்," என்றார். "என் தப்பு. கதவு திறந்திருக்கும்போதே அது கிளம்பும். ஆள் செத்துருவாங்க."

ரேடியோ நின்றது. வாட்ச்மேன் போனைக் கீழே வைக்காமலே ஓடினார் போலிருக்கிறது. செருப்புச் சத்தம் கேட்டது, யாரையோ அதட்டும் குரல் கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. லிஃப்ட்காரரின் கால் அவரை அறியாமல் இரண்டாவது பிரேக்கை அழுத்த, வண்டி நடுரோட்டில் குலுங்கி நின்றது. மச்சான் ஓரம் கட்டிக் காத்திருந்தார்.

"சார்," என்றது போன், மூச்சு வாங்க. "இழுத்தாச்சு. லிஃப்ட் காலிதான். ரெண்டாவதுல நிக்குது."

பின்சீட்டில் மனைவி வாய்விட்டு அழுதார். அழுதுகொண்டே ரொட்டியைப் பிய்த்து மகளிடம் கொடுத்தார், தானும் ஒரு வாய் போட்டுக்கொண்டார். லிஃப்ட்காரருக்கு இன்னும் நிம்மதி வரவில்லை. ஒயர் அங்கே இல்லாவிட்டால் இது நான்காவது அயர்ன் பாக்ஸ். இருந்துவிட்டால், அதை நினைக்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. எது நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

குடியிருப்புக்கு வந்ததும் ஒன்பது மாடியும் படியில் ஏறினார். மெஷின் ரூமைத் திறந்து டார்ச்சை அடித்தார். இருந்தது. பேனலின் கீழ்வரிசையில், நான்காவது மாடிக் கதவு சுவிட்சைத் தாண்டி, முழுச் சிவப்பாக, அவருடையதேதான். நேற்று மாலையிலிருந்து அங்கேயே இருந்திருக்கிறது. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் கூட்டாளி திருப்பிக் கூப்பிட்டான். இவர் விஷயத்தைச் சொன்னார்.

"கழட்டிட்டீங்கல்ல? விடுங்கண்ணே. யாருக்கும் ஒண்ணும் ஆகல. நோட்டுல எழுதிடாதீங்க. லைசன்ஸ் போயிரும். வாட்ச்மேனுக்கு ஒயரைப் பத்தி என்ன தெரியும்?"

"சரிப்பா, ஊர்ல இருந்து பாத்து வா," என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார்.

நோட்டு ஆணியில் தொங்கியது. கடைசி வரி அவருடைய கையெழுத்துதான். ‘ஜம்பர் நான்கும் எடுத்தாயிற்று. சரிபார்த்தேன்.’ அதற்குக் கீழே எழுதினார்: ‘தவறு. ஐந்து மாட்டப்பட்டது, நான்கே எடுக்கப்பட்டது. நான்காம் மாடிக் கதவு பாதுகாப்பு இல்லாமல் ஓர் இரவும் அரை நாளும் ஓடியது. இன்று எடுத்தேன்.’ நேரம் போட்டுக் கையெழுத்தும் போட்டார். பேனா ஓரிடத்தில் தாளைக் கிழித்தது. பிறகு வாட்ச்மேனைக் கூப்பிட்டு மெயின் சுவிட்சைப் போடச் சொல்லி, ஒவ்வொரு மாடியாகக் கதவைத் திறந்து வைத்து சோதித்தார். எந்த மாடியிலும் லிஃப்ட் அசையவில்லை.

கீழே இறங்கி வந்தபோது அவள் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் குழந்தை, மறு கையில் தள்ளுவண்டி, முகமெல்லாம் வியர்வை. நடந்துவிட்டுத் திரும்பி வந்தவள், லிஃப்ட் நின்றுபோனதால் அங்கேயே மாட்டிக்கொண்டவள்.

"நல்லா இருக்குண்ணே உங்க வேலை," என்று பிடித்துக்கொண்டாள். "ஓடும், தைரியமா போங்கன்னீங்க. காலையில இறங்கினேன், இப்ப நிக்குது. இதையும் இவளையும் தூக்கிட்டு நான் எப்படி ஏற?"

காலையில் இறங்கியிருக்கிறாள். முதுகைக் காட்டி உள்ளே போய், வண்டியை இழுத்து, சக்கரம் சிக்கி, ஒரு நொடி நின்று. அவள் இன்னும் ஒரு மணி நேரம் திட்டினாலும் கேட்டுக்கொண்டு நிற்கத் தயாராக இருந்தார்.

"சரியாயிடுச்சுங்க, இப்ப ஓடும்," என்றார் மச்சான் முந்திக்கொண்டு. அவர் முழங்கை லிஃப்ட்காரரின் விலாவை இடித்தது.

"இப்ப ஓடும்மா," என்றார் லிஃப்ட்காரர். "காலையில நீங்க இறங்கினப்போ அது ஓடியிருக்கக் கூடாது. நேத்து நான் ஒரு ஒயரைக் கழட்ட மறந்துட்டேன். உங்க மாடிக் கதவு திறந்திருந்தாலும் கிளம்பற மாதிரி இருந்துச்சு. கிளம்பல. அது என் சாமர்த்தியம் இல்ல. மேலே அந்த நேரத்துல யாரும் பட்டனை அமுக்கல, அவ்வளவுதான்."

முதலில் அவளுக்குப் புரியவில்லை. லிஃப்டைப் பார்த்தாள், தள்ளுவண்டியின் முன்சக்கரத்தைப் பார்த்தாள். புரிந்ததும் திட்டவில்லை. குழந்தையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டாள். பிடி விட்ட தள்ளுவண்டி மெல்ல உருண்டு போய்ச் சுவரில் இடித்து நின்றது.

"நான் படியிலேயே போறேன்," என்றாள்.

"வாங்கம்மா," என்று லிஃப்ட்காரர் தள்ளுவண்டியை மடக்கித் தோளில் தூக்கிக்கொண்டார். அவள் முன்னால் ஏற, இவர் இரண்டு படி தள்ளிப் பின்னால் ஏறினார். மனைவியும் மகளும் மீன் பொட்டலங்களோடு கூடவே வந்தார்கள். ஓடுகிற லிஃப்ட் கீழே கதவு மூடிக் காலியாக நின்றது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் மகள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, பையில எண்ணிட்டியா?"

"எண்ணிட்டேன்மா."

"எத்தனை?"

"என்னோடது நாலு. அவனோடது ஒண்ணு."